சென்னியப்பன் கைப்பட எழுதியது

குளிர்முடி உறைவிடப் பள்ளியில் 1983ஆம் ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் நாற்பத்திரண்டு பேர். 2039ஆம் ஆண்டு சித்திரையில் அவர்களில் இருபத்து மூன்று பேர் உயிரோடு இருந்தோம். மீதிப் பத்தொன்பது பேரும் வருடாந்தரச் சந்திப்புக்கு வராமல் இருக்க நியாயமான காரணம் வைத்திருந்தார்கள். ஆனால் எங்கள் பழைய மாணவர் சங்கத் தலைவர் கனகசபாபதிக்கு, காரணம் எதுவானாலும் சரி, வராதவர்களைப் பிடிக்காது. ஓய்வுபெற்ற கலெக்டர். எழுபத்து மூன்று வயதிலும் வருகைப் பதிவேட்டைக் கண்டால் அவருக்குக் கை பரபரக்கும்.

"இந்த வருஷம் எல்லாரும் வரணும் அருமை," என்றார் போனில். "எல்லாரும்னா எல்லாரும்தான்."

"செத்தவனுங்களுக்கும் அழைப்பிதழ் அடிச்சிரலாமா தலைவரே?"

"அதுக்குத்தான் ஆள் அனுப்பறேன். வீட்டுல இரு."

நான் அருமைநாயகம், சங்கத்தின் செயலாளர். வேறு யாரும் அந்தப் பதவியை ஏற்காததால் பதினான்கு வருடமாக அதில் இருக்கிறேன். அதற்கு முன் முப்பத்தெட்டு வருடம் சேலம் சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திர எழுத்தர். யாரோ ஒருவர் எதிரில் உட்கார்ந்து தலையைச் சொறிந்துகொண்டிருக்க, அவருடைய பெயரில் 'நான் மனப்பூர்வமாகச் சம்மதித்து எழுதிக்கொடுத்தது' என்று எழுதுவது என் பிழைப்பு. கல்யாணம் அமையவில்லை. அதற்கு எழுத வேண்டிய பத்திரத்தை மட்டும் எனக்கு யாரும் எழுதித் தரவில்லை.

தலைவர் அனுப்பிய ஆள் ஒரு பெண். பெயர் சஞ்சனா, இருபத்தாறு வயது. 'மறுகுரல்' என்ற நிறுவனத்தில் பொறியாளர். இறந்துபோனவர்களைத் திரையில் பேசவைப்பது அவர்கள் தொழில். சாதாரணமாக ஒரு குடும்பத்துக்கு ஒருவரைத்தான் செய்வார்களாம். மொத்தமாகப் பத்தொன்பது பேர் என்றதும் நிறுவனத்துக்கே உற்சாகம் வந்துவிட்டது.

"மூணு விஷயம் வேணும் அங்கிள்," என்றாள் சஞ்சனா. "போட்டோ. கூடப் படிச்சவங்க அவரைப் பத்திச் சொல்றது. அப்புறம் அவர் கைப்பட எழுதினது. இதுல கைப்பட எழுதினதுக்குத்தான் நாங்க ஜாஸ்தி மதிப்பு குடுப்போம்."

"ஏம்மா அப்படி?"

"மத்தவங்க ஞாபகம் வருஷத்துக்கு வருஷம் மாறும். எழுதி வெச்சது மாறாது. ஒரு ஆள் எந்த வார்த்தைக்கு அப்புறம் எந்த வார்த்தையைப் போடறார், எங்க தயங்கறார், எதைச் சொல்லாம விடறார், எல்லாம் அதுல இருக்கும். அதைப் புடிச்சா ஆளையே புடிச்ச மாதிரி."

பத்தொன்பது வீடுகளுக்கும் நான் கடிதம் போட்டேன். எல்லோரும் பெட்டிகளைத் துழாவினார்கள். செல்போன் வந்த பிறகு எவனும் கைப்பட எதையும் எழுதவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. எல்லா வீட்டிலும் கிடைத்தது ஒன்றே ஒன்றுதான்: விடுதியில் இருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் நாங்கள் வீட்டுக்குப் போட்ட நீல நிற இன்லண்டு கடிதங்கள். அம்மாக்கள் அவற்றைப் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருந்தார்கள். அறுநூற்றுக்கு மேல் வந்தன. சஞ்சனா கரும்பு தின்னக் கூலி கிடைத்தவள்போல அள்ளிக்கொண்டு போனாள்.

விழாவுக்கு ஒரு வாரம் முன்பு ஒத்திகை. எங்கள் பள்ளியை மூடி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இப்போது அது ஒரு சொகுசு விடுதி. நாங்கள் ஈயத் தட்டோடு வரிசையில் நின்ற சாப்பாட்டுக் கூடத்தில் இப்போது மேசைமேல் ரோஜாப்பூ வைக்கிறார்கள். அந்தக் கூடத்தில் பத்தொன்பது ஆளுயரத் திரைகளை நிறுத்தியிருந்தார்கள். தலைவரும் நானும் போய் நின்றோம். சஞ்சனா விசையைத் தொட்டாள்.

பத்தொன்பது பையன்கள் எங்களைப் பார்த்தார்கள்.

அரை நிஜார், எண்ணெய் வழியும் தலை. கடிதங்கள் எந்த வயதில் எழுதப்பட்டனவோ அந்த வயதில் அவர்கள் இருந்தார்கள். எங்களுக்கு எழுபத்து மூன்று, அவர்களுக்குப் பதின்மூன்று. தலைவர் தன் வழுக்கையை ஒருமுறை தடவிக்கொண்டார். மறைக்க ஒன்றும் இல்லை, எனக்கு அழுகைதான் வந்தது.

முதல் திரையில் பரஞ்சோதி. பதினோராம் வகுப்பில் உப்புமாவில் புழு இருந்ததற்காகத் தட்டை வார்டன் காலடியில் வீசி, இரண்டு நாள் உண்ணாவிரதம் நடத்தியவன். பிற்காலத்தில் தொழிற்சங்கத் தலைவராகி நான்கு முறை சிறைக்குப் போனவன்.

"டேய் பரஞ்சோதி, எப்படிடா இருக்கே?" என்றார் தலைவர்.

"நான் இங்கு நலமாக இருக்கிறேன்," என்றான் பரஞ்சோதி. "இங்கு உணவு நன்றாக உள்ளது. ஆசிரியர்கள் அன்பாக இருக்கிறார்கள். நன்றாகப் படித்து வருகிறேன்."

அடுத்த திரைக்குப் போனோம். அவனும் நலம், உணவும் நன்று. அதற்கடுத்தவனுக்கும் அப்படியே. எட்டாவது திரையில் இருந்தவன் ஒன்பதாம் வகுப்பில் மதில் ஏறிக் குதித்து ஓடிப்போய், காட்டில் மூன்று நாள் கிடந்து பிடிபட்டவன். ஆசிரியர்கள் அன்பாக இருப்பதாக அவனும் சொன்னான்.

சஞ்சனா உதட்டைக் கடித்துக்கொண்டாள். "பத்தொன்பதுல பதினெட்டு பேர் ஒரே மாதிரி பேசறாங்க அங்கிள். ரெண்டு தடவை ஆரம்பத்துலேருந்து செஞ்சு பாத்துட்டேன். சிஸ்டத்துல எங்கயோ தப்பு."

"சிஸ்டத்துல தப்பில்லம்மா. ஸ்கூல்ல தப்பு."

அவளுக்கு விளக்கினேன். ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்ததும் கடித வகுப்பு. வார்டன் தணிகாசலம் வீட்டுக்கு எழுத வேண்டிய கடிதத்தைக் கரும்பலகையில் எழுதிப்போடுவார். 'அன்புள்ள பெற்றோருக்கு' முதல் 'தங்கள் அன்பு மகன்' வரை. நாங்கள் பார்த்து எழுதுவோம். ஒட்டாமல் அவரிடம் கொடுக்க வேண்டும். ஒரு வாக்கியம் கூடியிருந்தாலும் பிரம்பு. ஆறு வருடம் முழுக்க இது நடந்தது. எங்கள் எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்தும், செத்துப்போனவனின் சொந்த எழுத்து என்று அதைத்தான் எடுத்துக் கொடுத்திருந்தோம். வேறு எதுவும் இல்லையே.

"அப்ப இவங்க பதினெட்டு பேரும்..." என்று சஞ்சனா திரைகளைப் பார்த்தாள்.

"வார்டன்."

அவள் முகம் போன போக்கைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தலைவருக்கு அப்படி எந்த வருத்தமும் இல்லை. "நல்லதுதானே அருமை," என்றார். "செத்தவன் ஒருத்தனாவது பள்ளியைக் குறை சொல்றானா பாரு. உயிரோட இருக்கிற உங்களுக்குத்தான் இந்தப் புத்தி இல்ல."

பத்தொன்பதாவது திரையில் இருந்தவன் சென்னியப்பன். காங்கேயத்துக்காரன். என் பக்கத்துக் கட்டில். தேங்காய் எண்ணெய் மில் வைத்து நடத்தி, பதினொரு வருடம் முன்பு மாரடைப்பில் போனவன். அவன் மட்டும் வேறு மாதிரி பேசினான்.

"இப்பல்லாம் சாயங்காலம் பனிமூட்டம் ஜன்னல் வழியா உள்ள வந்து என் போர்வை மேல படுத்துக்குது அக்கா," என்றான் சென்னி. "அதுக்கும் குளிருது போல. நான் கொஞ்சம் தள்ளிப் படுத்து அதுக்கு இடம் விடறேன்."

தலைவர் வாயைப் பிளந்தார். "நம்ம சென்னியா! இவன் இப்படியெல்லாம் பேசுவானா? இவன்தான்யா விழாவோட நாயகன்!"

சென்னி அப்படியெல்லாம் பேச மாட்டான். பேனா என்றாலே அவனுக்கு வேப்பங்காய். பனிமூட்டத்தைப் பார்த்தால், "கருமம், துணி காயாது," என்பான். அந்த வாக்கியம் என்னுடையது. 1979ஆம் வருடம் மார்கழியில் நான் எழுதியது.

சென்னி தன் அக்காவுக்கு எழுதியதாக இருந்த கடிதங்கள் கூரியரில் வந்த அன்றே எனக்குத் தெரியும். பொட்டலத்தைப் பிரித்ததும் என் கையெழுத்து என்னைப் பார்த்தது. அப்போதே சஞ்சனாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நான் எழுதியதை ஒருவர் அறுபது வருடம் கசங்காமல் வைத்திருக்கிறார்கள் என்ற மயக்கம். அந்த மயக்கத்தில் வாய் மூடிக்கொண்டது.

நடந்தது இதுதான். என் அம்மா எனக்கு ஆறு வயதில் போய்விட்டாள். ரயில்வேயில் இருந்த அப்பா மறுமணம் செய்துகொண்டு என்னைக் குளிர்முடியில் விட்டார். இரண்டாவது வருடமே நான் போடும் கடிதங்கள் 'விலாசதாரர் இல்லை' என்று திரும்பி வரத் தொடங்கின. வீடு மாறியவர் புது விலாசத்தைச் சொல்ல மறந்துவிட்டார். இருந்தாலும் கடித வகுப்பில் எல்லோரும் எழுதியாக வேண்டும். எனவே சென்னியின் கடிதத்தை நான் எழுதினேன். அவனுக்குக் கை மிச்சம், எனக்குப் பொழுது மிச்சம்.

திரும்பிவந்த கடிதங்களைப் பார்த்து வார்டனுக்கு என்மேல் கொஞ்சம் இரக்கம் வந்திருக்க வேண்டும். எனக்குத் தபால் மானிட்டர் பதவி கொடுத்தார். அவர் படித்து முடித்த கடிதங்களைச் சோற்றுப் பசையால் ஒட்டி, தபால் நிலையத்துக்குக் கொண்டுபோய், வந்த தபாலைச் சுமந்து வருவேன். வந்த தபாலை அவர் படிப்பதில்லை. எங்கள் வீடுகளில் என்ன நடக்கிறது என்பதில் அவருக்கு அக்கறை இல்லை.

ஒருநாள் சென்னிக்கு அவன் அக்காவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. புதிதாகக் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போயிருந்தாள். சென்னி அனுப்புநர் பெயரைப் பார்த்தான், பிரிக்காமலே குப்பைக்கூடையில் போட்டான். நான் எடுத்துக்கொண்டேன். 'அன்புள்ள தம்பிக்கு' என்று ஆரம்பித்திருந்தது. யாராவது என்னைத் தம்பி என்று எழுதினால் எப்படி இருக்கும் என்று அதுவரை நான் யோசித்ததில்லை. அன்றிரவே பதில் எழுதினேன், சென்னியின் பெயரில். அதை வார்டனுக்குக் காட்டவில்லை, சென்னிக்கும் காட்டவில்லை. அடுத்த வாரம் பதில் வந்தது. இப்படியே ஐந்து வருடம்.

ஒத்திகை முடிந்த மறுநாள் காலை எனக்குப் போன் வந்தது.

"செயலாளருங்களா? நான் சென்னியப்பனோட அக்கா பேசறனுங்க. தெய்வாத்தா. கடுதாசியெல்லாம் வந்து சேந்துதுங்களா?"

"வந்துதுக்கா," என்றேன். அக்கா என்று வாயில் வந்துவிட்டது. பயமாக இருந்தது.

"ஏனுங்க தம்பி, நாம ஏதாச்சும் கேட்டா அவன் பதில் சொல்லுவானுங்களா?"

"சொல்லுவான்."

"அப்ப நான் வர்றனுங்க. அவங்கிட்ட ஒண்ணு கேக்கோணும்." அவளாகவே சொன்னாள். "எனக்குப் பதினெட்டு வயசுல ஒரு டெய்லருகிட்டப் பேசிட்டிருந்தனுங்க. இவன் பாத்துப்போட்டான். அப்பாகிட்டச் சொல்லிருவான்னு பயந்து, நான் முந்திக்கிட்டேன். இவன் பீடி குடிக்கறான், பள்ளிக்கூடத்துக்கே போறதில்லைன்னு பொய் சொன்னேன். அப்பா பெல்ட்டுல அடிச்சு, அடுத்த வாரமே மலைக்குக் கொண்டாந்து உட்டுட்டாருங்க. ஆறு வருசம். நான் சொன்ன ஒரு பொய்யி."

எனக்குத் தெரிந்த கதைதான். மூன்றாவது கடிதத்தில் அதை அவள் எழுதியிருந்தாள். மன்னித்துவிடு சாமி என்று முடித்திருந்தாள்.

"மன்னிப்புக் கேட்டு எழுதுனேன். எனக்குக் கோவமெல்லாம் இல்லக்கான்னு பதில் போட்டான். அத்தன அழகா எழுதியிருந்தான். ஆனா நேர்ல, சாவற வரைக்கும், மொகம் குடுத்து ஒரு பேச்சுப் பேசலைங்க. அப்பா செத்தன்னைக்கு, அன்னிக்குக் கோவமில்லைன்னு எழுதுனியே சாமின்னு கேட்டேன். என்னைப் பைத்தியக்காரியப் பாக்கற மாதிரிப் பாத்துட்டுப் போயிட்டான். கடுதாசி நெசமா, மொகம் நெசமா? எனக்கு எழுபத்தொம்பது ஆச்சு. இதத் தெரிஞ்சுக்காமப் போயிரக் கூடாது பாருங்க."

ஊரான் வீட்டு நெய்யே என்று சும்மாவா சொன்னார்கள். சென்னி கொடுக்க வேண்டிய மன்னிப்பைப் பதின்மூன்று வயதில் நான் தாராளமாக எடுத்து வழங்கியிருந்தேன்.

அன்று மாலை சஞ்சனாவிடம் பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டேன். ஒருத்தன் கடிதத்தை இன்னொருத்தன் எழுதியிருந்தால் என்ன செய்வீர்கள் என்று.

"எடுத்துருவோம் அங்கிள். வேற எழுத்து இருந்தா அதை வெச்சுச் செய்வோம்."

"வேற எதுவுமே இல்லன்னா?"

"ஆளே இல்ல." அவள் என்னைக் கூர்ந்து பார்த்தாள். "ஏன் கேக்கறீங்க?"

"சும்மாத்தான்," என்றேன்.

விழா நாள் வந்தது. காலை பத்தரைக்குத் தலைவர் வருகைப் பதிவேட்டைத் திறந்து நாற்பத்திரண்டு பெயரையும் வாசித்தார். இருபத்து மூன்று கிழவர்களும் பத்தொன்பது பையன்களும் 'உள்ளேன் ஐயா' என்றோம். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒருவர்கூட விடுபடாத வருகை, அவர் பதவிக்காலத்திலேயே முதல் தடவை. பிறகு குடும்பத்தார் ஒவ்வொரு திரையாகப் போய்ப் பேசினார்கள். பரஞ்சோதியின் மனைவி அவனிடம் ஐந்து நிமிடம் பேசிவிட்டு, "இந்த மனுசன் இவ்வளவு சாந்தமா இருந்து நான் பாத்ததே இல்ல," என்று சந்தோஷமாகத் திரும்பினாள்.

தெய்வாத்தாள் வாடகைக் காரில் வந்தாள். ஒல்லியான, நிமிர்ந்த உடம்பு. வெள்ளைச் சேலை. யார் கையையும் பிடிக்காமல் நடந்தாள். சென்னியின் திரைக்கு முன்னால் நாற்காலி போட்டோம். விழாவின் நாயகன் என்பதால் கூட்டம் சுற்றி நின்றது. தலைவர் ஒலிபெருக்கியைப் பக்கத்தில் வைத்தார்.

"அக்கா, வந்துட்டியா," என்றது திரை. "நீ வருவேன்னு பனிமூட்டத்துக்கிட்டச் சொல்லி வெச்சிருந்தேன்."

பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். தெய்வாத்தாள் சிறிது நேரம் அந்தப் பையனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்ற மேல கோவமா சாமி?"

"கோவமா? எனக்கா? நீ அன்னிக்குப் பயந்து போயிருந்தே. பயந்தவங்க சொல்ற பொய் பொய்யில்ல அக்கா, அது ஒரு அழுகை. நான் அப்பவே மறந்துட்டேன்."

கூட்டமே அழுதது. தலைவர் கைக்குட்டையை எடுத்தார். பதின்மூன்று வயதில் அந்த வரியை எழுதிவிட்டு நான் என்னையே மெச்சிக்கொண்டது ஞாபகம் வந்தது. கூசியது.

தெய்வாத்தாள் அழவில்லை. சஞ்சனாவைப் பார்த்துத் திரும்பினாள்.

"இது என்ற தம்பி இல்லீங்க."

"இல்லம்மா, எல்லாமே அவர் கைப்பட எழுதினதுல இருந்துதான்..."

"அவன் என்னைய ஒருநாளும் அக்கான்னு கூப்பிட்டதில்ல கண்ணு. 'ஏ புள்ள' ம்பான். கடுதாசில மட்டும் அக்கா, அக்கா. பள்ளிக்கூடத்துல மரியாதை சொல்லிக் குடுத்திருக்கறாங்கன்னு நெனச்சுக்கிட்டேன்." அவள் குரல் இறங்கியது. "நான் மன்னிப்பு வாங்கிட்டுப் போக வரலைங்க. அது காகிதத்துல எங்கிட்ட ஏற்கெனவே கெடக்குது. அவன் என்னைய வையட்டும்னுதான் வந்தேன். எங்கூட்டுல வையறவங்கதான் பேசுவாங்க. ஒருக்கா வஞ்சான்னா எனக்குப் போதும். இவன் வைய மாட்டேங்கறானே."

திரையில் பையன் அன்பாகச் சிரித்துக்கொண்டிருந்தான். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தேன். தைரியம் என்று சொல்ல முடியாது. அந்தச் சிரிப்பைச் சகிக்க முடியவில்லை.

"அந்தக் கடுதாசியெல்லாம் நான் எழுதினதுங்க அக்கா."

"அங்கிள்!" என்றாள் சஞ்சனா.

சொன்னேன். தபால் பை, குப்பைக்கூடை, சோற்றுப் பசை, எல்லாவற்றையும். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். முடித்ததும் ஒரே ஒரு கேள்வி.

"என்ற முதல் கடுதாசிய அவன் குப்பைல போட்டான்னு சொன்னீங்களே. அப்ப என்ன சொன்னான்? அப்பிடியே சொல்லுங்க."

"அது வேண்டாங்கக்கா."

"சொல்லுங்க."

சொன்னேன். "'அந்தப் பொய்க்காரி மூதேவி கடுதாசி போட்டா நான் படிக்கோணுமா? அவ கையில சோறு வாங்கித் திங்கறதுக்கு மாட்டுத்தாழில மூஞ்சிய உட்டுத் திங்கலாம். செத்தாலும் அவ ஊட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்.'"

தெய்வாத்தாளுக்குச் சிரிப்பு வந்தது. உடம்பு குலுங்கச் சிரித்தாள். கண்ணில் இருந்து தண்ணீர் கொட்டியது, துடைக்கவே இல்லை. "மாட்டுத்தாழி! ஆமாங்க, அப்பிடித்தான் சொல்லுவான். அவன்தான். அது அவனேதான்."

அந்த நாள் முழுவதிலும் அந்தக் கூடத்தில் இறந்தவன் ஒருவன் வந்து நின்றது அப்போது மட்டும்தான்.

சிரிப்பு அடங்கியதும் என்னைப் பார்த்தாள். "அப்ப, நான் மன்னிப்புக் கேட்டது அவனுக்குத் தெரியவே தெரியாதுங்களா?"

"தெரியாது."

"ஏனுங்க காட்டல?"

"காட்டியிருந்தா அதுக்கப்புறம் அவன் எழுதியிருப்பான். இல்ல, எழுதாமலே விட்டிருப்பான். ரெண்டுல எது நடந்தாலும் எனக்கு லெட்டர் வந்திருக்காது."

"படிச்சிருந்தா என்னைய வஞ்சு ஒரு கடுதாசி போட்டிருப்பான்," என்றாள் மெதுவாக. "அதோட தீந்திருக்கும். அவன் சாகறவரைக்கும் பேசியிருப்பான்." பிறகு கையை நீட்டினாள். "நான் எழுதுனதெல்லாம் வெச்சிருக்கறீங்களா?"

வைத்திருந்தேன். என் பையிலேயே இருந்தன. எந்தப் பயணத்திலும் அவற்றை வீட்டில் விட்டுப் போனதில்லை. வாழ்நாளில் எனக்கு வந்த கடிதங்கள் அவை மட்டும்தான். எனக்கு வந்தவை என்று சொல்வதும் பொய். கடிதக்கட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு, வந்ததுபோலவே யார் கையையும் பிடிக்காமல் போனாள்.

விழாவைக் கெடுத்துவிட்டதாகத் தலைவர் என்னோடு பேசவில்லை. வருகைப் பதிவேட்டில் சென்னியின் பெயருக்கு நேரே சிவப்பு மையில் சுழித்தார். சஞ்சனா பத்தொன்பதாவது திரையை அணைக்கப் போனவள், பாதியில் நின்றாள்.

"அங்கிள், ரொம்ப அருமையான டேட்டா. வீணாப் போகுது. உங்க பேருக்கு மாத்தி வெச்சிரட்டுமா?"

"நான் இன்னும் சாகலையேம்மா."

"அதனால என்ன? ரெடியா இருக்கும்."

வேண்டாம் என்றேன். பையன் சிரித்தபடியே மறைந்தான்.

இருபது நாள் கழித்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. உறைமேல் என் பெயர், என் விலாசம். நோட்டுத் தாளில் நடுங்கும் எழுத்து.

'அருமைநாயகம் அவர்களுக்கு தெய்வாத்தாள் எழுதிக்கொண்டது. உங்களை நான் மன்னிக்கவில்லை. மன்னித்தேன் என்று எழுதினால் அதுவும் இன்னொரு பொய்யாகிவிடும். என் தம்பி அந்த மலையில் ஆறு வருசம் எப்படி இருந்தான் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் நீங்கள் இட்டுக்கட்டியது. நீங்கள் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர். அவன் என்ன தின்றான், யாரோடு சண்டை போட்டான், எதற்கு அழுதான், பார்த்ததை மட்டும் எழுதி அனுப்புங்கள். சேர்த்து எழுத வேண்டாம். சேர்த்தால் எனக்குத் தெரிந்துவிடும்.'

ஞாயிற்றுக்கிழமை காலை மேசையில் உட்கார்ந்தேன். நான்கு பக்கம் கொண்ட தாள். ஒரு வாழ்க்கையையே எழுதிவிடுகிற உற்சாகத்தில் ஆரம்பித்தேன். சென்னி குப்புறப் படுத்துத்தான் தூங்குவான். எண்ணெய்க் குளியலன்று ஒளிந்துகொள்வான். கபடியில் அவனைப் பிடிக்க மூன்று பேர் வேண்டும். எட்டாம் வகுப்பில் வீட்டுப் பசு செத்த செய்தி வந்தபோது கழிவறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு அழுதான். உப்புமாவை மூக்கைப் பிடித்துக்கொண்டு தின்பான். என்னைத் திட்டிய ஒரு பையனின் பல்லை உடைத்திருக்கிறான், அதற்காகப் பிரம்படியும் வாங்கியிருக்கிறான்.

இரண்டு பக்கத்தில் முடிந்துவிட்டது. ஆறு வருடம் ஒரு கை தூரத்தில் படுத்திருந்தவன். நான் அவனைப் பார்க்கவே இல்லை. அவன் அக்காவுக்கு அடுத்து என்ன எழுதலாம் என்று விட்டத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

அப்போது ஒன்று ஞாபகம் வந்தது. பத்தாம் வகுப்பில் ஒரு தபால் நாளில், ஏன்டா சிரிக்கறே என்று சென்னி கேட்டான். எங்க அக்கா கடுதாசி போட்டிருக்கா என்று உளறினேன். உனக்கு ஏதுடா அக்கா என்றான். என்னை ஒரு நிமிடம் பார்த்தான். பிறகு, "செரி, என்ற கூடப் பொறந்தவள நீயே எடுத்துக்க," என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

பேனாவை எடுத்தேன். அந்த ஒரு வரி போதும். அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று ஆகும். தெரிந்தேதான் எனக்குக் கொடுத்தான் என்று ஆகும். கோபம் அவ்வளவு ஒன்றும் இல்லை என்று அவள் நிம்மதியாகக் கண்ணை மூடலாம். நானும் மூடலாம்.

முப்பத்தெட்டு வருடத்தில் நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. எழுதியவனுக்கே இவ்வளவு சாதகமாக ஒரு பத்திரம் இருந்தால், அதை இரண்டு முறை பார்க்க வேண்டும். இது நடந்ததா, இல்லை இந்தக் காலையில் என் கை தானாக எழுத வந்ததா? மதியம் வரை உட்கார்ந்து யோசித்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிய முதுகு தெரிகிறது. குரல் கேட்கிறது. ஆனால் அந்தக் குரல் சென்னியுடையதா என்று என்னால் சத்தியம் செய்ய முடியவில்லை.

எழுதவில்லை. இரண்டாம் பக்கத்தின் அடியில் என் பெயரைப் போட்டு, மீதி இரண்டு பக்கத்தையும் வெறுமையாகவே விட்டு, மடித்து அனுப்பினேன்.